விளையாட்டுப் பந்தயம்: பெயர் பல, கணக்கு ஒன்று



கொக்கிளாய் முகத்துவாரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வடகரையில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்கிளாய்க் கிராமம். தென்கரையில் திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை. நடுவே களப்பு நீர் கடலோடு கலக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிந்த மாதங்களில் கரையெங்கும் மீன்வாடிகள் எழும்பும். கரைவலை இழுப்பவர், இறால் பிடிப்பவர், கருவாடு காயப்போடுபவர் என்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அந்த மணலில் பிழைக்கிறார்கள். அஸருக்குப் பின் வெயில் தணிந்ததும் பிள்ளைகள் மென்பந்துக் கிரிக்கட் ஆடுவார்கள். தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்குச் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டும். இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன்.

இந்தியாவில் ஐபிஎல் ஆட்டங்கள் நடந்த ஒரு பருவத்தில், அக்கரை வாடியொன்றில் தொழில் செய்யும் இளைஞன் ஒருவனை அவனுடைய உம்மா என்னிடம் கூட்டி வந்தார். "மௌலவி, இவனுக்குக் கொஞ்சம் ஓதிப் பாருங்க. ராவெல்லாம் நித்திரை இல்ல. போனும் கையுமா இருக்கான். என்ட காப்பையும் வித்துட்டான். வாப்பாட எஞ்சினையும் அடகு வெச்சிட்டான்" என்று அழுதார்.

பையன் தலைகுனிந்திருந்தான். என்ன நடந்தது என்று கேட்டேன். கைத்தொலைபேசியில் கிரிக்கட்டுக்குப் பந்தயம் கட்டுவதாகச் சொன்னான். வழக்கம்போல், "தம்பி, சூது ஹராம்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மௌலவி, சீட்டாட்டம் ஹராம் எண்டு எனக்கும் தெரியும். இது அப்பிடியில்ல. பிட்ச் எப்பிடி, ஆரு போர்ம்ல இருக்கான், எல்லாம் பார்த்துத்தான் கட்டுறன். இது மூளைக்குக் கிடைக்கிற காசு" என்றான். பிறகு ஒட்ஸ், ஹண்டிகேப், ஓவர் அண்டர், அக்யூமுலேட்டர், செஷன் என்று சொல்லிக்கொண்டே போனான். உண்மையைச் சொல்லுகிறேன், அவன் சொன்னதில் பாதிகூட எனக்கு விளங்கவில்லை.

அரபுக் கல்லூரியில் எங்கள் உஸ்தாத்மார் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஒரு பொருளைப் பற்றிச் சட்டம் சொல்வதற்கு முன்னால் அந்தப் பொருள் இன்னதென்று தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பதே அது. எனக்குச் சட்டம் தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை. ஆகவே ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "தம்பி, இன்றைக்கு நீ உஸ்தாத், நான் மாணவன். ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடு" என்றேன். அந்தக் கொப்பியில் எழுதியவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே உங்கள் முன் வைக்கிறேன். இவற்றைக் கற்றுக்கொண்டு யாரும் பந்தயம் கட்டுவதற்காக நான் எழுதவில்லை. உங்கள் பிள்ளை இந்தச் சொற்களைச் சொல்லும்போது நீங்கள் என்னைப்போல் விழிக்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

வெற்றி தோல்விப் பந்தயம்

எல்லாவற்றிலும் எளியது இது. எந்த அணி வெல்லும் என்று சொல்லிப் பணம் கட்டுவது. பந்தயம் ஏற்பவரைப் புக்கி என்பார்கள். ஒவ்வொரு அணிக்கும் அவர் ஒரு விகிதம் அறிவிப்பார். அதைத்தான் ஒட்ஸ் என்கிறார்கள். பலமான அணிக்கு 1.45 என்றும் பலவீனமான அணிக்கு 2.75 என்றும் அறிவித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பலமான அணிக்கு 100 ரூபா கட்டி அது வென்றால், கட்டிய பணத்தோடு சேர்த்து 145 ரூபா கிடைக்கும். மற்ற அணிக்குக் கட்டி அது வென்றால் 275 ரூபா கிடைக்கும்.

பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். யார் வென்றாலும் நம் கைக்கு 1,000 ரூபா வரவேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எவ்வளவு கட்டவேண்டும்? பலமான அணிக்கு 690 ரூபா. பலவீனமான அணிக்கு 364 ரூபா. ஆக மொத்தம் 1,054 ரூபா கட்டினால்தான் 1,000 ரூபா திரும்பி வரும். அந்த 54 ரூபா எங்கே போயிற்று? அதுதான் புக்கியின் கூலி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே விகிதத்துக்குள் அதை அவர் ஒளித்து வைத்துவிட்டார்.

இதை எழுதிக் காட்டியபோது பையன் என் பேனையை வாங்கி இன்னொரு ஆட்டத்துக்குத் தானே கணக்குப் போட்டான். அங்கேயும் அப்படித்தான் வந்தது. வேறு எந்த ஆட்டத்துக்குப் போட்டாலும் அப்படித்தான் வரும். அது புக்கியின் சீவனோபாயம்.

ஹண்டிகேப், கூட–குறையப் பந்தயம்

மிகப் பலமான அணியும் மிகப் பலவீனமான அணியும் மோதினால் பந்தயம் கட்ட ஆள் வராது. அதற்காக ஏற்பட்டது ஹண்டிகேப். உதைபந்தாட்டத்தில் பலமான அணிக்கு ஒன்றரைக் கோல் பின்னடைவு கொடுப்பார்கள். அந்த அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் அதற்குக் கட்டியவருக்குப் பணம். ஒரு கோலால் வென்றால் அணிக்கு வெற்றி, கட்டியவருக்குத் தோல்வி.

கூட–குறையப் பந்தயத்தில் யார் வென்றாலும் கவலையில்லை. ஓர் அணி 160.5 ஓட்டங்களுக்கு மேல் எடுக்குமா, கீழே நிற்குமா என்பதுதான் கேள்வி. அரை ஓட்டம் யாராவது எடுக்க முடியுமா? முடியாது. இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வராமலிருக்கத்தான் அந்த அரையை வைத்திருக்கிறார்கள்.

இதன் கொடிய வடிவம் ஒன்றும் உண்டு. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இவ்வளவு என்று கட்டுவார்கள். 160-க்கு மேல் போகும் என்று ஓட்டத்துக்கு 100 ரூபா கட்டியவர், அணி 130-இல் ஆட்டமிழந்தால் 3,000 ரூபா கொடுக்க வேண்டும். கையில் இருந்ததை மட்டும் இழப்பதோடு இது நிற்பதில்லை. கையில் இல்லாததையும் இழக்கச் செய்கிறது.

தொடர் பந்தயம்

நம் பையன்களை அதிகம் மயக்குவது இதுதான். அக்யூமுலேட்டர் என்பார்கள். நான்கைந்து ஆட்டங்களைச் சேர்த்து ஒரே பந்தயமாகக் கட்டுவது. எல்லாம் சரியாக வந்தால் பெருந்தொகை கிடைக்கும். ஒன்று பிழைத்தாலும் எல்லாம் போய்விடும். "மௌலவி, நூறு ரூபாக்கு ரெண்டாயிரத்து நானூத்திச் சொச்சம்!" என்று அவன் சொன்னபோது அந்தக் கண்களில் இருந்த ஒளியை இன்னும் மறக்க முடியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். பூவா தலையா போன்ற சமவாய்ப்புள்ள ஆட்டம் ஒன்றுக்குப் புக்கி 1.90 கொடுக்கிறார் என்று கொள்வோம். இருவர் ஆளுக்கு 100 ரூபா வீதம் எதிரெதிராகக் கட்டினால் சேர்வது 200. வென்றவருக்கு 190 போக, புக்கிக்கு 10 ரூபா. அதாவது நூற்றுக்கு 5.

இப்போது அப்படி ஐந்து ஆட்டங்களைச் சேருங்கள். ஐந்து ஆட்டங்களின் முடிவு 32 விதமாக வரலாம். 32 பேர் ஆளுக்கொரு விதமாக 100 ரூபா கட்டினால் சேர்வது 3,200 ரூபா. ஒருவர்தான் வெல்வார். அவருக்குக் கிடைப்பது 2,476 ரூபா. மீதி 724 ரூபா புக்கிக்கு. நூற்றுக்கு 5 ஆக இருந்த கூலி நூற்றுக்கு 22-ஐத் தாண்டிவிட்டது. பரிசு பெரிதாகத் தெரியத் தெரிய, பறிபோகும் பங்கும் பெரிதாகிறது. பந்தயக் கம்பனிகள் விளம்பரத்தில் தொடர் பந்தயத்தை முன்னால் நிறுத்துவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

குதிரைப் பந்தயமும் கூட்டு நிதியும்

நம் நாட்டு நகரங்களில் புக்கிக் கடைகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளுக்கு இங்கேயுள்ள கூலித் தொழிலாளி துண்டு எழுதிக் கொடுப்பான். அந்தக் குதிரையை அவன் பார்த்ததும் இல்லை, பார்க்கப் போவதும் இல்லை. முதலாவதாக வரும் என்று கட்டுவது ஒரு வகை. முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் வந்தால் போதும் என்று கட்டுவது இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்து இரட்டிப்பாகக் கட்டுவது மற்றொரு வகை.

கூட்டு நிதி முறையில் எல்லோர் பணத்தையும் ஒன்றாகப் போட்டு, நடத்துபவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். எந்தக் குதிரை வந்தாலும் நடத்துபவருக்கு நட்டமே கிடையாது.

ஆட்டத்தின் நடுவே கட்டும் பந்தயம்

கைத்தொலைபேசி வந்தபின் பெருகியது இது. அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டம், அடுத்த பந்து நான்கா, விக்கெட்டா என்று பந்துக்குப் பந்து கட்டுவார்கள். ஆறு ஓவர், பத்து ஓவர் என்று பகுதி பகுதியாகக் கட்டுவதைச் செஷன் என்கிறார்கள்.

இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 40 ஓவர்கள். ஓவருக்கு 500 ரூபா கட்டுபவன் ஓர் இரவில் 20,000 ரூபாவைப் புரட்டுகிறான். சில ஓவர் வெல்வான், சில ஓவர் தோற்பான். சமமாக விளையாடியதாகவே அவனுக்குத் தோன்றும். ஆனால் நூற்றுக்கு 5 என்ற கூலி அந்த 20,000 முழுவதிலும் கழிகிறது. சராசரியாக ஓர் இரவுக்கு 1,000 ரூபா. 2025ஆம் ஆண்டு ஐபிஎல் பருவத்துக்கு 74 ஆட்டங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு பருவத்தில் எவ்வளவு போகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். தொலைக்காட்சியிலோ தொலைபேசியிலோ நாம் காணும் பந்து சில விநாடிகளுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. மைதானத்தில் உட்கார்ந்து உடனுக்குடன் செய்தி அனுப்புவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பல நாட்டு மைதானங்களில் இப்படிப்பட்டவர்களைப் பிடித்து வெளியேற்றியிருக்கிறார்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் பந்தின் முடிவு இன்னொருவருக்கு ஏற்கெனவே தெரியும். இதில் மூளைக்கு என்ன வேலை?

கற்பனை அணிப் பந்தயம்

வீரர்களைத் தெரிந்தெடுத்து ஒரு கற்பனை அணி அமைத்து, நுழைவுக் கட்டணம் செலுத்தி, புள்ளி கூடியவர் பரிசைத் தட்டிக்கொள்வது இது. திறமை விளையாட்டு என்ற பெயரில் இந்தியாவில் பல ஆண்டுகள் இது கோடிக்கணக்கில் நடந்தது. கிரிக்கட் வீரர்களே விளம்பரம் செய்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இந்திய அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த ட்ரீம்11 என்ற நிறுவனமும் தன் பணப் போட்டிகளை நிறுத்தியது.

மூளைக்குக் கிடைக்கும் காசா?

வாசகர்களே, பையனின் கேள்விக்கு வருவோம். விளையாட்டை நன்றாக அறிந்தவன் வெல்ல முடியாதா?

1994ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய அணி கொழும்புக்கு வந்திருந்தது. ஜோன் என்று மட்டும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட இந்தியப் புக்கி ஒருவர் மார்க் வாவுக்கு 4,000 டொலரும் ஷேன் வார்னுக்கு 5,000 டொலரும் கொடுத்தார். ஆட்டத்தில் தோற்கச் சொல்லி அல்ல. ஆடுகளம் எப்படி, காலநிலை எப்படி என்ற தகவலுக்குத்தான் அந்த உறவு. 1995-இல் அவர்களுடைய கிரிக்கட் சபை இருவருக்கும் இரகசியமாக அபராதம் விதித்தது. 1998 டிசம்பரில்தான் உலகுக்குத் தெரிந்தது. வாடியில் இருந்துகொண்டு ஆடுகளத்தை ஆராயும் நம் பையனுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர், ஆடுகளத்தில் நிற்பவரிடமே விலைகொடுத்து விபரம் வாங்கக்கூடியவர்!

2000ஆம் ஆண்டு டில்லிப் பொலிசார் தொலைபேசி உரையாடல்களை வெளியிட்டபோது, நேர்மையின் உருவமாகக் கருதப்பட்ட தென்னாபிரிக்கத் தலைவர் ஹன்சி குரொஞ்ஞே புக்கிகளிடம் பணம் வாங்கியது தெரியவந்தது. அவர் ஆயுள் முழுவதற்கும் தடைசெய்யப்பட்டார். 2010 ஆகஸ்டில் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் வீரர்கள் முன்கூட்டிப் பேசிக்கொண்டபடி நோபோல் வீசினார்கள். தலைவர் சல்மான் பட், பந்துவீச்சாளர்கள் முஹம்மத் ஆசிப், முஹம்மத் ஆமிர் ஆகிய மூவரும் 2011 நவம்பரில் சிறை சென்றார்கள். ஆமிர் அப்போது பத்தொன்பது வயது இளைஞர். அந்தப் பெயர்களை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் நம்மவர் என்பதற்காக மறைக்கலாகாது.

பந்துக்குப் பந்து பந்தயம் கட்டும் முறை இருப்பதால்தான் ஒரு நோபோலுக்கு விலை வந்தது. முழு ஆட்டத்தையும் விற்கத் துணியாதவனும் ஒரு பந்தை விற்கத் துணிந்துவிடுகிறான்.

இதையும் கேளுங்கள். 2020 ஜூன் மாதம் ஊவா டி20 லீக் என்ற பெயரில், பதுளையில் நடப்பதாகச் சொல்லி ஓர் ஆட்டம் இணையத்தில் ஒளிபரப்பாயிற்று. உண்மையில் அது நடந்தது இந்தியப் பஞ்சாபில், சண்டிகர் நகருக்கு அருகிலுள்ள ஸவாரா என்ற கிராமத்தில். பதுளையில் அப்படி ஒரு போட்டியே இருக்கவில்லை. 2022 ஜூலையில் குஜராத் மாநிலத்தின் மோலிப்பூர் கிராமத்தில் இன்னொரு நாடகம் பிடிபட்டது. வயல் கூலிகளுக்கு ஆட்டமொன்றுக்கு 400 இந்திய ரூபா கொடுத்து, ஐபிஎல் சட்டைகளை மாட்டி ஆட வைத்து, ரஷ்யாவிலுள்ளவர்களிடம் பந்தயப் பணம் வாங்கியிருக்கிறார்கள். என்ன முடிவு வரவேண்டும் என்பது நடுவருக்குக் கம்பியில்லாக் கருவியில் சொல்லப்பட்டது. அதற்கும் யாரோ ஒருவன் தூரத்தில் இருந்துகொண்டு, வீரர்களின் திறமையை ஆராய்ந்து, மூளையைச் செலவழித்துத்தான் கட்டியிருப்பான்.

மார்க்கம் எதைத் தடுத்தது?

ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளின் மைஸிரைப் பற்றி விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒட்டகமொன்றை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைப் பைக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை கொள்வார்கள். இன்றைய பந்தயக் கம்பனிகளிடம் அந்த அளவு தாராளம்கூட இல்லை. அப்படியிருந்தும் அல்லாஹ் அதைத் தடுத்தான். அதில் சில பயன்கள் இருப்பதையும், பாவம் அந்தப் பயனைவிடப் பெரிது என்பதையும் சூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் உணர்த்துகிறது. பகைமையை மூட்டுவதும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதும் ஷைத்தானின் நோக்கம் என்பதைச் சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் உணர்த்துகின்றன. நடு இரவு வரை பந்தயம் பார்த்துவிட்டு ஸுப்ஹை இழக்கும் பிள்ளையின் வீட்டில் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அறிவைப் பயன்படுத்தினால் சூது இல்லையென்று ஆகிவிடாது. பணம் கட்டிய ஒவ்வொருவரும் மற்றவரின் பணத்தை வெல்லும் ஆசையிலும் தன் பணத்தை இழக்கும் அபாயத்திலும் இருந்தால் அது சூது. இதுதான் அளவுகோல். மேலே எழுதிய அத்தனை வகைகளையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் தப்பாது.

விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரை ஓட்டப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். போட்டியில் சேராத ஒருவர் பரிசு கொடுப்பது ஆகும். போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டும், "நீ வென்றால் தருகிறேன், நான் வென்றால் உன்னிடம் ஒன்றும் வேண்டாம்" என்று சொல்வதும் ஆகும். இருவரும் பணம் வைத்து வென்றவர் அள்ளிக்கொள்வதே சூதாகிறது. எந்தெந்த விளையாட்டுக்குப் பரிசு வைக்கலாம் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இரு பக்கமும் பணம் வைப்பதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது.

இங்கே நம் ஊர்க் கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. அணிக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தையே முதற்பரிசாகக் கொடுக்கும் மென்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. இதுவும் அந்த அளவுகோலில் சிக்குகிறது. கட்டணத்தைப் பந்துக்கும் மைதானச் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பரிசை ஊர்த் தனவந்தரிடமோ கடைக்காரரிடமோ கேட்டு வாங்குங்கள். போட்டியும் நடக்கும், குற்றமும் வராது. தோற்ற பக்கம் வாங்கும் சோடாவும் அப்படித்தான். நான் சிரித்துவிட்டுப் போயிருக்கக் கூடாது.

நாட்டுச் சட்டம்

புக்கிக் கடைகளுக்கு அனுமதி இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி பந்தய, சூதாட்ட வியாபாரங்களிடம் அரசு வரி அறவிடுகிறது. 2025-இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகார சபையை நிறுவும் சட்டமும் நிறைவேறியது. அரசு வரி வாங்கினால் அது ஹலாலாகிவிடாது. மது விற்பனைக்கும் அனுமதி இருக்கிறதல்லவா?

2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் விளையாட்டில் ஊழல் செய்வதைக் குற்றமாக்கியது. பத்தாண்டு வரை சிறையும் பத்துக் கோடி ரூபா வரை அபராதமும் விதிக்கலாம். தெற்காசியாவில் இத்தகைய தனிச் சட்டத்தை முதலில் இயற்றியது நம் நாடுதான். பந்தயப் பணம் விளையாட்டை எவ்வளவு கெடுத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

உம்மாமாரே, வாப்பாமாரே

பிள்ளை இரவு முழுக்க விழித்திருக்கிறானா? ஆட்டத்தின் முடிவைவிட ஒவ்வொரு ஓவருக்கும் பதறுகிறானா? சின்னச் சின்னக் கடன் கேட்கிறானா? வீட்டுச் சாமான் காணாமல் போகிறதா? கவனியுங்கள். முதலில் திட்டாதீர்கள். பயந்த பிள்ளை இழந்ததை மீட்கப்போய் இன்னும் பெரிதாகக் கட்டுவான். யாருக்கும் தெரியாமல் அவனுடைய கடனை அடைத்து விடுவதும் பிழை. அடுத்த கடனுக்கு அது வழிவிடும். பணம் முழுவதும் அவன் கையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தயச் செயலியையும் வங்கி அட்டையையும் சில காலம் அவனிடமிருந்து விலக்கி வையுங்கள். முதல் தடவை போனஸ் தருகிறோம் என்று வரும் செய்திகளை நம்பவேண்டாமென்று சொல்லுங்கள். அந்த போனஸை எடுப்பதற்கு முன் பல மடங்கு பந்தயம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே ஓதிப் பார்ப்பதோடு வைத்தியரையும் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கம்

அன்று பையனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "தம்பி, இதுவரை எவ்வளவு கட்டினாய், எவ்வளவு எடுத்தாய்?"

"நாலு தரம் பெரிசா வெண்டிருக்கன் மௌலவி" என்றான். தோற்ற தடவைகள் அவனுக்கு நினைவில் இல்லை. தொலைபேசியைத் திறந்து ஒவ்வொரு வரவையும் செலவையும் வாசிக்கச் சொன்னேன். நான் கொப்பியில் எழுதினேன். மஃரிப் பாங்கு சொல்லும்வரை எழுதினோம். கட்டியது 312,000 ரூபா. எடுத்தது 94,500 ரூபா. போனது 217,500 ரூபா.

அவன் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இது வாப்பாட எஞ்சின்" என்றான். அவனுடைய உம்மா ஒன்றும் பேசவில்லை. மூவரும் எழுந்து தொழப் போனோம்.

அதற்குப் பிறகு ஒருமுறை தவறிவிட்டதாக அவனே வந்து சொன்னான். மறைக்காமல் சொன்னதற்காக அல்ஹம்துலில்லாஹ் என்றேன். இப்போது வாடியில் கிடைக்கும் கூலி உம்மாவின் கைக்குப் போகிறது. எஞ்சின் இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டியில்லாமல் மீட்க ஊரார் சிலர் முயன்று வருகிறார்கள். வாப்பா வேறொருவருடைய படகில் கூலிக்குப் போகிறார்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஹராம் என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். கட்டியதையும் எடுத்ததையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்து எழுதுங்கள். அந்தக் கணக்கு அவனோடு பேசும்.

நம் பிள்ளைகளின் உழைப்பையும் உறக்கத்தையும் தொழுகையையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.